உங்களுக்குத் தெரியுமா? உற்றுப் பார்க்கும் மனங்கள்

★ ஒடுக்கமான பாதையில் ஓட்டிச் செல்லும் மாடு பாதியில் காலை ஊன்றி நின்றுவிட்டால் என்ன செய்வார்கள்? வாலை முறுக்குவார்கள், குச்சியை எடுப்பார்கள். அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின் 1970களில் அந்தப் பாதைக்குள் தானே இறங்கினார். மாட்டின் கண் மட்டத்துக்குக் குனிந்து, அது போகிற வழியில் போய்ப் பார்த்தார். தொங்கி ஆடும் சங்கிலி, வேலியில் யாரோ மாட்டிவிட்டுப் போன சட்டை, குறுக்கே விழும் நிழல், ஈரத் தரையில் மின்னும் வெளிச்சம். மாட்டை நிறுத்தியவை இவைதான். இவற்றை அகற்றினால் அடிக்காமலேயே மாடு நடக்கும் என்று காட்டினார்.

காலமெல்லாம் மாட்டோடு இருந்தவர்கள் கவனிக்காததை இவர் எப்படிக் கவனித்தார்? கிராண்டினுக்கு ஆட்டிசம் உண்டு. சுமார் மூன்றரை வயதுவரை பேச்சு வரவில்லை. தன் சிந்தனை சொற்களாக வருவதில்லை, படங்களாகவே வருகிறது என்று 1995இல் வெளியான ‘திங்கிங் இன் பிக்சர்ஸ்’ நூலில் எழுதினார். சின்ன விவரத்தையும் தள்ளிவிடாமல் பார்க்கும் அந்த மனம், விலங்கு உலகைப் பார்க்கும் விதத்துக்கு நெருக்கமானது என்பது அவர் வாதம். பிறகு கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் பேராசிரியர் ஆனார். வட அமெரிக்காவில் இறைச்சிக்கூடத்துக்குப் போகும் மாடுகளில் ஏறத்தாழப் பாதி, அவர் வடிவமைத்த அமைப்புகளின் வழியாகத்தான் செல்கின்றன. சாவதற்கு முன் அவை படும் பயம் குறைந்திருக்கிறது. இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

★ பக்கிப் பறவையைப் பகலில் பார்த்திருக்கிறீர்களா? சருகு நிறத்தில், சருகோடு சருகாகத் தரையில் உட்கார்ந்திருக்கும். காலடிக்குப் பக்கத்தில் இருந்தாலும் தெரியாது. இதேபோல, ஒரு பெரிய படத்துக்குள் ஒளிந்திருக்கும் சிறு வடிவத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் சோதனை ஒன்று உளவியலில் இருக்கிறது. 1983இல் அமிதா ஷா, ஊட்டா ஃபிரித் இருவரும் நடத்திய ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட நன்றாகச் செய்தார்கள். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை. ஆனாலும் முழுமைக்குள் மூழ்கிப்போகாமல் நுணுக்கத்தைப் பிடிக்கும் பார்வை என்று ஒன்று உண்டு என்பதை அந்த ஆய்வு பேச வைத்தது. பறவை பார்ப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

★ “இவனால் ஒரு பத்திகூட ஒழுங்காக எழுத முடியாது” என்ற பொருள்பட ஓர் ஆசிரியர் சொன்ன பையன், பதினாறு வயதில் பிரிட்டனின் இயற்கை எழுத்துக்கான வெயின்ரைட் பரிசை வென்றான். வட அயர்லாந்தின் டாரா மெக்கனல்டி, 2004இல் பிறந்தவர். அவருக்கும், தாய்க்கும், தம்பி தங்கைக்கும் ஆட்டிசம் உண்டு. பதினான்கு வயதில் ஓராண்டு முழுக்க, வீட்டைச் சுற்றியும் அருகிலிருந்த காடுகளிலும் கண்ட பறவை, பூச்சி, செடி எல்லாவற்றையும் நாட்குறிப்பாக எழுதினார். ‘டயரி ஆஃப் எ யங் நேச்சுரலிஸ்ட்’ என்று 2020இல் அது புத்தகமானது. பள்ளியில் பட்ட கேலியும் அதில் இருக்கிறது. கருங்குருவியின் பாட்டும் இருக்கிறது. அபூர்வ விலங்கைத் தேடி அவர் கண்டம் தாண்டிப் போகவில்லை. பெரும்பாலும் உள்ளூரில் எல்லோரும் கடந்துபோகிற உயிர்களைப் பற்றித்தான் எழுதினார்.

★ பிபிசியின் ‘ஸ்பிரிங்வாட்ச்’ நிகழ்ச்சியை நடத்தும் கிறிஸ் பேக்கம், சிறுவயதில் கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறை வளர்த்தவர். அது செத்தபோது உடைந்துபோனார். தனக்கு ஆட்டிசத்தின் ஒரு வகையான ஆஸ்பெர்கர் நிலை உண்டு என்பது நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. அதுவரை தான் ஏன் மற்றவர்களைப் போல இல்லை என்பதற்கு விடை கிடைக்காமலே வாழ்ந்தார். 2017இல் வந்த ஆவணப்படத்தில் அந்தத் தனிமையை மறைக்காமல் சொன்னார். ஆட்டிசத்தை ஏதோ வரம்போலப் பேசுகிறவர்கள் அதைப் பார்க்க வேண்டும். கூரிய காது பறவையின் குரலைப் பிடிக்கும். கூட்டத்தின் இரைச்சலில் அதே காது வாதைப்படும்.

★ ஓரிடத்தில் நிலைகொள்ளாத ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத் துடிப்பு நிலை) மனத்துக்கும் காட்டில் வேலை உண்டா? 2024இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கணினியில் பழம் பறிக்கும் விளையாட்டு ஒன்றை நானூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் கொடுத்தார்கள். ஒரே புதரில் நின்று பறிக்கலாம், அல்லது நேரம் செலவழித்து அடுத்த புதருக்குப் போகலாம். ஏடிஹெச்டி அறிகுறி கொண்டவர்கள் சீக்கிரம் இடம் மாறினார்கள். கடைசியில் அவர்கள்தான் அதிகப் பழம் சேர்த்தார்கள்.

★ இருபது நிமிடம் பூங்காவில் நடந்த பிறகு, ஏடிஹெச்டி உள்ள குழந்தைகளின் கவனம், நகரின் கடைத்தெருவிலோ குடியிருப்புத் தெருவிலோ நடந்தபோது இருந்ததைவிட மேம்பட்டது. இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட சிறிய ஆய்வு இது. மருந்துக்கு மாற்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இதற்குச் செலவு ஏதும் இல்லை.

★ ஆண்டுதோறும் ஜனவரியில், பொங்கல் விடுமுறையையொட்டி, தமிழகத்தில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளையெல்லாம் எண்ணி, இ-பேர்ட் தளத்தில் பதிவு செய்தால் போதும். மொட்டைமாடியே போதுமானது. தவிட்டுக்குருவி, செம்போத்து, இரட்டைவால் குருவி என்று உள்ளூர்ப் பெயரில் தொடங்கலாம். கேட்டதையே கேட்டுக்கொண்டிருக்கிறான், ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்கிறாள், வகுப்பில் ஜன்னலைப் பார்க்கிறாள் என்று நீங்கள் குறைப்பட்டுக்கொள்ளும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த பொங்கலுக்கு அந்தப் பிள்ளையின் கையில் ஒரு நோட்டைக் கொடுத்துப் பக்கத்தில் நில்லுங்கள். எண்ணும் வேலையை அவர்களிடமே விடுங்கள். தவறிய பறவையைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள்.