பதிவேடு இல்லாத மனிதர்

கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் மாணவனை அதட்ட ஆள் உண்டு; மதிப்பெண் போட ஆள் உண்டு; கட்டணம் கேட்க ஆள் உண்டு. இந்த மூன்றையும் செய்யாத ஒருவருக்கும் அங்கே இடம் வைத்திருந்தார்கள். அவர்தான் ஆன்ம குரு. அவர் கையில் வருகைப் பதிவேடு கிடையாது, பிரம்பும் கிடையாது. இது தற்செயலாக அமைந்த ஏற்பாடு அல்ல. கல்வி இல்லத்தின் தலைவர், தம்மோடு அதே இல்லத்தில் தங்கிப் படிக்கும் மாணவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கலாகாது என்று 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 891ஆம் பிரிவில் விலக்கி வைத்தது. மாணவனே விரும்பிக் கேட்டால் மட்டும் விலக்கு உண்டு. 1983இல் வந்த புதிய தொகுப்பின் 985ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. தண்டிக்கும் அதிகாரமும் மனத்தைக் கேட்கும் பொறுப்பும் ஒரே ஆளிடம் சேரக்கூடாது என்பதில் அன்றைக்கும் இன்றைக்கும் மாற்றமில்லை. மாறியிருப்பது அந்தப் பொறுப்பைச் சுமப்பவரின் நாள்.

தமிழ்நாட்டில் இந்தப் பணி வேர்பிடித்தது விடுதிகளில்தான். பிரெஞ்சு சேசு சபையினர் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்குக் கொண்டுவந்த புனித வளனார் கல்லூரி போன்ற இடங்களில், படிப்பும் படுக்கையும் செபமும் ஒரே மதிலுக்குள் இருந்தன. கத்தோலிக்க விடுதி மாணவனுக்கு விடிவதே கோயில் மணியில். பூசை லத்தீனில் நடந்தது. குரு பீடத்தைப் பார்த்து நின்றார். பீடச் சிறுவர்கள் லத்தீன் மறுமொழிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பொருள் தெரியாமலே பிசகின்றி ஒப்பித்தார்கள். நற்கருணை வாங்குகிறவன் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீரும் குடிக்கக்கூடாது. 1953இல் தண்ணீருக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. 1957இல் அந்த ஒருசந்தி மூன்று மணி நேரமாகவும், 1964இல் ஒரு மணி நேரமாகவும் சுருங்கியது. இன்று காலைப் பலகாரத்தை முடித்துவிட்டுப் பத்து மணித் திருப்பலிக்கு வரும் பிள்ளைக்கு, வெறும் வயிற்றோடு மண்டியிட்டிருந்த அந்தத் தலைமுறையைப் புரியவைப்பது கடினம்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கு முந்தைய வியாழன் மாலை ஆன்ம குருவுக்கு மிக நீண்ட பொழுது. வராந்தாவில் வகுப்பு வகுப்பாக வரிசை நிற்கும். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் வலைத் தட்டிக்கு இந்தப் பக்கம் சிறுவன் முழந்தாளிடுவான். அந்தப் பக்கம் குருவின் காது மட்டும் நிழலாகத் தெரியும். பொய் சொன்னேன், தம்பியை அடித்தேன், செபம் சொல்லாமல் தூங்கினேன் என்று மனப்பாடமான பட்டியல் ஒன்று ஓடும். மூன்று அருள்நிறை மந்திரம் அபராதம். இரண்டு நிமிடத்தில் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விடுவான். ஒரே மாலையில் நூறு பேர் வந்தாலும், பெரும்பாலானவர்கள் வரிசையில் நிறுத்தப்பட்டதால் வந்தவர்கள். அந்த வரிசைக்கு நடுவிலும், பட்டியல் முடிந்த பிறகு எழுந்திருக்காமல் தயங்கும் ஒருவன் இருப்பான். அவனை அடையாளம் கண்டு, மறுநாள் மைதானத்து ஓரத்தில் எதேச்சையாகச் சந்திப்பதுபோல் எதிரே நடந்து வருவதுதான் நல்ல ஆன்ம குருவின் கைப்பழக்கம். கேட்டதைப் பற்றி ஒரு சொல்லும் பேசமாட்டார். பேசுவதற்கு அவனுக்கு வழி திறந்து வைப்பார்.

1963 டிசம்பர் 4ஆம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றிய கொள்கை விளக்கத்தை வெளியிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பூசை தமிழில் ஒலித்தது. குரு மக்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். 1973இல் பாவசங்கீர்த்தனம் எனும் ஒப்புரவுச் சடங்கு திருத்தப்பட்ட பின், விரும்புகிறவன் நாற்காலியில் அமர்ந்து முகம் பார்த்தே பேசலாம் என்றானது. இன்று வரிசை குட்டையாகிவிட்டது. வருகிறவன் பெரும்பாலும் தானாக வருகிறான். பட்டியலும் மாறிவிட்டது. நீட் தேர்வைப் பற்றிய பயம், குடிக்கும் அப்பா, வளைகுடாவிலிருந்து வாரம் ஒருமுறை மட்டும் திரையில் தெரியும் அம்மா, நள்ளிரவில் கைப்பேசியில் வந்து விழுந்த ஒரு படம். அன்று நூறு பேருக்கு ஒதுக்கிய மாலை இன்று நான்கு பேருக்குப் போதவில்லை.

வருகிறவர்கள் எல்லோரும் கத்தோலிக்கரும் அல்லர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம்தான். இந்தப் பள்ளிகள் பலவற்றில் பெரும்பான்மைப் பிள்ளைகள் பிற சமயத்தவர். அரசு உதவி பெறும் பள்ளியில், பெற்றோரின் இசைவில்லாமல் எந்தப் பிள்ளையையும் சமய போதனையில் உட்கார வைக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு 1950 முதலே சொல்லிவருகிறது. அதனால் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் நேரத்தில் மற்றவர்கள் நன்னெறி வகுப்பில் இருந்தார்கள். ஆன்ம குருவின் அறை பொதுவாக முதல் கூட்டத்துக்கே உரியதாக இருந்தது.

பொதுவாக என்றுதான் சொல்ல வேண்டும். அப்துல் கலாம் 1950இல் ராமநாதபுரத்திலிருந்து திருச்சி புனித வளனார் கல்லூரிக்கு வந்து நான்கு ஆண்டுகள் விடுதியில் தங்கினார். ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவர், கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் ஒருவர், ராமேஸ்வரத்து முஸ்லிம் ஒருவர் என்று மூவருக்கு ஓர் அறை. விடுதிக் காப்பாளரான அருட்தந்தை செக்வேரா ஒவ்வோர் இரவும் விவிலியத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர்களைத் தேடி வந்ததையும், தீபாவளிக்கு எண்ணெய்க் குளியலுக்காக அறை அறையாக நல்லெண்ணெய் கொடுக்கச் செய்ததையும் கலாமின் தன்வரலாறான ‘அக்கினிச் சிறகுகள்’ பதிவு செய்கிறது. பதவியில் அவர் காப்பாளர். செய்தது ஆன்ம குருவின் வேலை. இன்று ஆற்றுப்படுத்துநர் என்ற பெயரில் ஓர் அருட்சகோதரியோ பயிற்சி பெற்ற ஆசிரியையோ இந்தப் பணியைப் பகிர்ந்துகொள்ளும் பள்ளிகளில், எல்லாச் சமயப் பிள்ளைகளும் அந்த அறையைத் தேடி வருகிறார்கள். ஆண் குருவிடம் வாய் திறக்காத மாணவியும் அங்கே பேசுகிறாள். அன்று தனி ஒருவரின் நல்ல மனத்தால் நடந்தது, இன்று வழக்கமாகியிருக்கிறது. இது பெரிய வரவு.

அறையின் சுவரும் மாறிவிட்டது. அன்று அங்கே தொங்கிய படங்கள் அங்கியணிந்து சிலுவையை நோக்கும் ஞானப்பிரகாசியார், 14 வயதில் இறந்து 1954இல் புனிதரான தொமினிக் சாவியோ. இன்று அவர்கள் பக்கத்தில் ஜீன்ஸும் முதுகுப்பையுமாகச் சிரிக்கிறான் கார்லோ அகுதிஸ். 2006இல் 15 வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தவன். நற்கருணைப் புதுமைகளைப் பற்றி இணையதளம் அமைத்தவன். 2025 செப்டம்பர் 7ஆம் தேதி புனிதராக அறிவிக்கப்பட்டவன்.

கதவும் மாறியது. முன்பு கனத்த மரக்கதவு. சாத்தினால் வெளியே ஒன்றும் தெரியாது. இப்போது கதவின் மேல்பாதியில் கண்ணாடி பதிக்கிறார்கள். உள்ளே பேசுவது கேட்காது. இருவரும் அமர்ந்திருப்பது தெரியும். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. குருக்கள் சிலரே பிள்ளைகளின் நம்பிக்கையைச் சிதைத்ததைப் பல நாடுகளின் விசாரணைகள் வெளிக்கொணர்ந்தன. மறைமாவட்டம் ஒவ்வொன்றும் புகார் பெறும் அமைப்பை ஏற்படுத்த வேண்டும் என்று 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஆணையிட்டார். நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிள்ளைக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை அறிந்தவர் எவரானாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஒப்புரவில் கேட்டதை எக்காரணம் கொண்டும் வெளியிடலாகாது என்ற திருச்சபை விதியோ அப்படியே நிற்கிறது. அதனால்தான் கவனமுள்ள குரு, “இது பாவசங்கீர்த்தனம் இல்லப்பா, சும்மா பேசுறோம். உனக்கு ஆபத்துன்னா நான் மத்தவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும்” என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். மரக்கதவு தந்த அந்தரங்கம் குறைந்தது உண்மை. பிள்ளைக்குக் கிடைத்த காப்பு அதைவிடப் பெரிது.

இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து ஆன்ம குரு சாயங்காலம் கட்டளைச் செபப் புத்தகத்தை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் மேலும் கீழும் நடப்பார். “தோத்திரம் சாமி” என்று சொல்லிவிட்டு ஒரு சிறுவன் கூடவே நடக்கலாம். காரணம் வேண்டியதில்லை, முன் அனுமதி வேண்டியதில்லை. இன்று அதே குரு தாளாளராகவோ தலைமையாசிரியராகவோ விடுதி இயக்குநராகவோ இருக்கிறார்; ஞாயிற்றுக்கிழமை பங்கையும் பார்க்கிறார். மேசையில் கட்டட அனுமதிக் கோப்பு, ஆசிரியர் நியமனக் கோப்பு, மின்னஞ்சலில் துறையின் சுற்றறிக்கை. கட்டணப் பாக்கிக்குக் கையெழுத்திட்டு நினைவூட்டல் அனுப்புபவரிடம், பாக்கி வைத்த வீட்டுப் பிள்ளை தன் மனத்தைத் திறப்பதில்லை. இரண்டு சட்டத் தொகுப்புகளும் பிரித்து வைத்த இரண்டு பொறுப்புகள், ஆள் பற்றாக்குறையால் ஒரே நாற்காலிக்கு வந்துவிட்டன.

கட்டாய வரிசை போனதில் வருத்தமில்லை. அது திரும்ப வர வேண்டாம். கண்ணாடிக் கதவு இருக்கட்டும். ஆற்றுப்படுத்தும் சகோதரியும் இருக்கட்டும். அவர்களோடு, நிர்வாகத்தின் எந்தக் கோப்பிலும் கையெழுத்திடாத ஒருவரைப் பள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். குருவோ சகோதரியோ பொதுநிலையினரோ யாராக இருந்தாலும் சரி. அவருடைய மாலை நேரம் பிள்ளைகளுக்கென்று வெறுமையாகக் கிடக்க வேண்டும். தேர்ச்சி விகிதம் கேட்கும் உலகத்திடம் அந்த வெறுமைக்குக் கணக்குக் காட்ட முடியாது. ஆனால் கத்தோலிக்கப் பள்ளி என்று பெயர்ப்பலகையில் எழுதுவதற்கு இருக்கும் காரணங்களில் முதன்மையானது அதுதான்.