பால் பண்ணையிலும் அடிப்பிடிக்கும்!



போன மாதம் ஒருநாள் காலையில் நான் கொண்டுபோன 5 லிட்டர் பாலையும் சொசைட்டியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலப் பாலும் அதில் கலந்திருந்தது. டெஸ்ட் ட்யூபில் ஏதோ ஊற்றிக் குலுக்கி, "துளித்துளியா திரியுது, வேண்டாம்" என்றார்கள். வீட்டில் காய்ச்சிப் பார்த்தால் திரியவே இல்லை! எனக்கு ஒரே கோபம். ஓசூர் பக்கம் ஒரு பால் பண்ணையில் வேலை செய்யும் மாமாவிடம் சொன்னேன். "பால் காய்ச்சின பாத்திரத்தோட அடியைப் பாருடா, அப்புறம் பேசலாம்" என்றார்.

கிருஷ்ணகிரி ஆவினோ, எல்லைக்கு அந்தப் பக்கம் நந்தினியோ, பெரிய பண்ணைகளில் பாலை அண்டாவில் காய்ச்சுவதில்லை. மெல்லிய எவர்சில்வர் தகடுகளை அடுக்கி, ஒரு பக்கம் பாலும் மறுபக்கம் வெந்நீரும் ஓடவிடுவார்கள். 72 டிகிரியில் 15 விநாடி, உடனே குளிர வைத்துவிடுவார்கள். இதுதான் பாஸ்டுரைசேஷன்.

பாலில் பீட்டா லாக்டோகுளோபுலின் என்று ஒரு புரதம் இருக்கிறது. நூல் உருண்டை மாதிரி சுருண்டிருக்கும். 70 டிகிரியைத் தாண்டினால் பிரிந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, தகட்டிலும் ஒட்டிக்கொள்ளும். கால்சியம் பாஸ்பேட் இன்னும் வேடிக்கை. சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும். இது சூட்டில் குறைவாகக் கரைந்து வெளியே படியும். 110 டிகிரி வரை படிவது வெள்ளையாக, மெத்தென்று, பெரும்பாலும் புரதம். அதற்கு மேல் சாம்பல் நிறத்தில் கல் மாதிரி இறுகும். பண்ணையில் இதைப் "பால் கல்" என்பார்களாம்.

படிவு ஏறினால் சூடு பாலுக்குள் போகாது. வெந்நீரை இன்னும் சூடாக்கணும். சூடாக்கினால் இன்னும் படியும்! கடைசியில் மெஷினை நிறுத்தி, புரதம் போக காஸ்டிக் சோடா, கல் கரைய நைட்ரிக் அமிலம் ஓட்டுவார்கள்.

எனக்குப் பிடித்த தந்திரம் ஒன்று. மாதக்கணக்கில் கெடாத டெட்ரா பேக் பாலுக்கு 135 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதற்கு முன் சுமார் 90 டிகிரியில் சில நிமிடம் நிறுத்தி வைத்தால், புரதம் பாலுக்குள்ளேயே தங்களுக்குள் ஒட்டிக்கொள்ளும். பிறகு தகட்டில் ஒட்டுவது குறையும்.

சரி, எங்கள் பால்? நல்ல பாலின் பி.எச். சுமார் 6.7. இரவு முழுக்க வெளியே இருந்தால் பாக்டீரியா லாக்டிக் அமிலம் உண்டாக்கும். கொஞ்சம் குறைந்தாலே சூடான தகட்டில் புரதம் சீக்கிரம் பிடிக்கும். அவர்கள் ஊற்றியது ஆல்கஹால். காய்ச்சும்போது திரியாத இளம் புளிப்பையும் அது காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் 5 லிட்டர் மற்றவர்களின் நல்ல பாலோடு கலந்து போயிருக்கும் என்று மாமா சொன்னபோது எனக்குக் கோபம் போய்விட்டது. காசு போன வருத்தம் மட்டும் போகலை.

இப்போது சாயங்காலப் பாலை அன்றே சைக்கிளில் கொண்டுபோய் ஊற்றுகிறேன். டியூஷனுக்கு லேட்டாக வருவது அதனால்தான் சார்!

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்