உருளையும் ஆடுதண்டும்: பழைய பொறிக்கு உறுப்புத் தெரியும் முறை

தேய்ந்து தளர்ந்த பொறியை மீண்டும் ஓடவைப்பது பழுதுபார்த்தல். அதன் உறுப்புகள் பிறந்த நாளில் தமக்குள் கொண்டிருந்த அளவுறவை மீண்டும் பெறச் செய்வது மீட்டமைத்தல். முன்னதற்குக் கெட்டதைக் கண்டு மாற்றும் கைத்திறன் போதும். பின்னதற்கோ எவ்வுறுப்பு எவ்வுறுப்புக்கு அளவு தருகிறது, எது முன், எது பின் என்னும் ஒழுங்கு தெளிந்திருத்தல் வேண்டும். கடையில் கிடைக்கும் உறுப்பு எத்துணைச் சிறந்ததாயினும், அது சேரவிருக்கும் இணையின் அளவை அறியாமல் வாங்கியது தேர்வு ஆகாது.

அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த பாண்டியாக் ஜி.டி.ஓ. போன்று, இடைத்தர உடலில் எட்டு உருளைப் பெரும்பொறியைத் தாங்கிய ஊர்திகள் ஒரு தனியினம். மல் என்னும் சொல் வலிமையையும் மற்போரையும் குறித்தலால் அவற்றை மல்லுந்து என அழைக்கலாம். அவ்வினம் நம் தெருக்களில் பரவலாக ஓடியதில்லை. நம் தெருக்களை ஆண்டது அம்பாசிடர். 2014 வரை மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் செய்யப்பட்டது. கோலார் தங்கவயலின் பாலகாட்டில், தகரக் கொட்டகை ஒன்றில் என் முன் பிரித்து அடுக்கப்பட்டிருந்ததும் அதன் எரிநெய் (பெட்ரோல்) பொறியே. உருளைகள் நான்கு, துளை 73.025 மில்லிமீட்டர், வீச்சு 88.9 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 1,489 கன செண்டிமீட்டர். மல்லுந்துக்குரிய மீட்டமைப்பு நெறி எதுவோ அதுவே இதற்கும் நெறி.

தங்கவயல் பொறிகளின் ஊர். 1880 முதல் ஜான் டெய்லர் குழுமத்தார் தோண்டத் தொடங்கிய சுரங்கங்கள், 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்படுவதற்குள் மூன்று கிலோமீட்டரையும் கடந்த ஆழத்தைத் தொட்டிருந்தன. ஏற்றுபொறிகளையும் காற்றமுக்கிகளையும் தலைமுறை தலைமுறையாக ஓட்டிக் காத்தவர்களுள் தமிழ் பேசியோர் மிகப் பலர். அவர்கள் கையில் நுட்பம் இருந்தது. அந்நுட்பத்தை எழுதிவைக்கும் தமிழ் நூல்தான் அவர்களுக்குக் கிட்டவில்லை. பட்டறையார் பிஸ்டன் என்பதை ஆடுதண்டு என்றும், கிராங்க் என்பதை வணரித்தண்டு என்றும், வால்வை ஓரதர் என்றும், பேரிங்கைத் தாங்கி என்றும் இங்கே எழுதுகிறேன். ஓர் அதர், ஒரே வழி: வளியை ஒருபக்கமாக மட்டும் விடும் உறுப்பின் வேலை முழுதும் அச்சொல்லிலேயே அடங்கிக் கிடக்கிறது.

மீட்டமைப்பில் உறுப்புகள் இருவகைப்படும்: நிலையுறுப்பு, தேயுறுப்பு. உருளைத்தொகுதி, வணரித்தண்டு, தலைப்பகுதி ஆகியன நிலையுறுப்புகள். இவை அளந்து, கடைந்து, காக்கப்படுவன. ஆடுதண்டு, வளையம், தாங்கி ஓடு, ஓரதர் ஆகியன தேயுறுப்புகள். இவை முன்னவற்றின் அளவுக்கு அடங்கித் தெரியப்படுவன. ஆகவே முதற்பணி அளத்தலே. ஒவ்வோர் உருளையையும் மேல், நடு, கீழ் என மூவிடத்தும், ஒவ்வோரிடத்தும் வணரித்தண்டின் நெடுக்கிலும் குறுக்கிலும் அளக்க, நான்கு உருளைகளுக்கு 24 எண்கள் கிடைக்கும். அவ்வெண்கள் தாமாகவே ஓர் ஒழுங்கைக் காட்டும். தேய்வு மேலே மிகும். ஏனெனில் மேல்வளையம் திரும்பும் அவ்விடத்தில் வெப்பம் கூடி எண்ணெய் மெலிகிறது, எரிவளியும் வளையத்தின் பின்புறம் புகுந்து அதனைச் சுவரோடு அழுத்துகிறது. நெடுக்கைவிடக் குறுக்கில் தேய்வு மிகும். ஏனெனில் சாய்ந்து நின்று தள்ளும் இணைதண்டு ஆடுதண்டை அப்பக்கமே ஒதுக்குகிறது. நான்கனுள் மிகத் தேய்ந்த உருளை எதுவோ, அதுவே நான்கிற்கும் அளவு சொல்லும்.

மிகையளவு ஆடுதண்டுகள் ஓரங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30, 40 பங்கு என்னும் படிகளில் வருகின்றன. தேய்வு முற்றும் மறையப் போதுமான மிகக் குறைந்த படியைத் தெரிதல் வேண்டும். கடைந்தெடுத்த இரும்பு திரும்பி வாராது, அடுத்த மீட்டமைப்புக்கும் சுவர் எஞ்ச வேண்டும். படியை முடிவு செய்தபின் ஆடுதண்டை வாங்கி, ஒவ்வொன்றையும் அளந்து எண்ணிட்டு, அதனதன் அளவுக்கு அதனதன் உருளையைக் கடைய வேண்டும். முதலில் கடைந்துவிட்டுப் பின்னர் ஆடுதண்டு தேடிய ஒரு பட்டறையால், இருபதில் நிற்க வேண்டிய பொறி நாற்பதுக்கு ஏறியதைக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

தமிழர் கணக்கில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. ஓரங்குலத்தின் முந்திரி 0.079 மில்லிமீட்டர். ஆடுதண்டுக்கும் உருளைச் சுவருக்கும் இடையே விடும் வெளி பெரும்பாலும் இம்முந்திரிக்கு உட்பட்டது. ஆடுதண்டு அலுமினியக் கலவை, உருளை வார்ப்பிரும்பு. ஒரே வெப்பத்துக்கு முன்னது பின்னதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். வெளி குறைந்தால் சூட்டில் இறுகிப் பிடிக்கும்; மிகுந்தால் குளிரில் தட்டும். அதனாலேயே ஆடுதண்டின் முடி அடியைவிடச் சிறுத்தும், உடல் சற்றே நீள்வட்டமாகவும் கடையப்படுகின்றன. கண்ணுக்கு வட்டமாகத் தோன்றும் அப்பொருள் வெப்பமுற்ற பின்னரே வட்டமாகிறது. இத்துணை நுண்ணளவில் இவற்றைச் செய்யும் தொழிலகம் தொலைவில் இல்லை. சென்னை செம்பியத்து இந்தியா பிஸ்டன்ஸ் 1949இல் தொடங்கியது.

துளை பெருகினால் அமுக்கத் தகவும் பெருகும். ஆடுதண்டு கீழே நிற்கையில் உள்ள முழு இடத்தை, அது மேலே நிற்கையில் எஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவது அத்தகவு. ஓர் உருளையின் வீச்சிடம் 372 கன செண்டிமீட்டர், தகவு 8.3 எனின் எஞ்சிடம் 51. நாற்பதுபடி கடைந்தால் வீச்சிடம் 383 ஆகும், எஞ்சிடம் மாறாவிடில் தகவு 8.5ஐத் தொடும். கடல்மட்டத்திலிருந்து 850 மீட்டரளவு உயர்ந்த தங்கவயலில் காற்றின் செறிவு 8 விழுக்காட்டளவு குறைவு. அதனால் இச்சிற்றேற்றத்தை இவ்வூர்ப் பொறி இடர் இன்றித் தாங்கும்.

தாங்கி ஓட்டின் இலக்கணம் மென்மை. எஃகு முதுகின்மேல் மென்மாழை பூசப்பட்ட அவ்வோடு, எண்ணெயோடு வரும் தூசைத் தன்னுள் புதைத்துக்கொண்டு, விலைமிக்க வணரித்தண்டைக் காக்கிறது. தண்டைப் பத்துப்படி கடைந்தால், அப்படிக்கென்று தடித்துச் செய்த ஓட்டையே தெரிதல் வேண்டும்.

எரிநெய் மாறிவிட்டதையும் எண்ணுதல் வேண்டும். 2000 பிப்ரவரி முதல் நம் நாட்டு எரிநெய்யில் ஈயம் சேர்ப்பதில்லை. மக்கள் நலத்துக்கு அது பெருநன்மை. ஆனால் அவ்வீயம் படிந்து மெத்தையாக நின்ற பழைய ஓரதர் இருக்கைகள் அந்நாள்முதல் காப்பிழந்தன. வெளியேற்று ஓரதர் செந்தழலில் தன் இருக்கையோடு நுண்ணிதாய் ஒட்டி, பிரியும்போதெல்லாம் இரும்பைப் பெயர்த்து, உள்ளே அமிழ்ந்துகொண்டே போகும். கடினமாக்கிய எஃகு வளையத்தை இருக்கையாகப் பதிப்பதே தீர்வு. இன்று எரிநெய்யில் 20 விழுக்காடு வரை எரிசாராயம் கலப்பதால், அதைத் தாங்கும் குழாய்களையும் எரிநெய் ஏற்றியின் சவ்வையும் கேட்டு வாங்குதல் நன்று.

இவை எல்லா ஊருக்கும் பொது. தங்கவயலுக்கே உரியது தூசு. பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய அரைமண், சயனைடு மேடுகளாக இவ்வூரைச் சூழ்ந்து கிடக்கிறது; காற்று வீசினால் வெண்புழுதி வீட்டுத் திண்ணை வரை வரும். அதில் மிகுந்திருப்பது வெங்கச்சங்கல் பொடி. மோவின் கடினத்தன்மை அளவையில் அதன் எண் 7, வார்ப்பிரும்பைவிடக் கடினம். சுரங்கத்துள் அதே பொடியை ஆண்டுக்கணக்கில் உள்ளிழுத்துக் கல்தூசு நோயால் நுரையீரல் இறுகி மாய்ந்த தொழிலாளர் குடும்பங்கள் இன்றும் இங்கு வாழ்கின்றன. பொறியும் மூச்சிழுப்பதே: நிமிடத்துக்கு 3,000 சுற்றில், நான்கு வீச்சுப் பொறியாதலின், 1,500 முறை உருளைகளை நிரப்பி, 2,000 லிட்டரை ஒட்டிய காற்றை உட்கொள்ளும். முந்திரிக்கும் குறைந்த வெளியில் அப்பொடி புகுந்தால் நான்கு உருளைகளும் அரவை எந்திரங்களே.

எனவே வளையங்களுள் குரோமியம் பூசிய மேல்வளையத்தைத் தெரிந்தோம். அது தூசுத் தேய்வை மிக எதிர்ப்பது. பழைய அம்பாசிடர்களில் காணும் எண்ணெய்க் குளிக் காற்று வடிப்பி நுண்தூசைத் தப்பவிடும். அதை மாற்றினால் ஊர்தியின் பழமை குன்றும் என்று உரிமையாளர் தயங்கினார். ஆயினும் உருளையைக் காப்பதே முதன்மை என்று வற்புறுத்தித் தாள் வடிப்பியைப் பொருத்தினேன். முதல் 800 கிலோமீட்டர் ஓடியபின் எண்ணெயை வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றினோம். வளையங்கள் உருளையோடு பழகியதன் மெல்லிய இரும்புத் துகள் காந்தத்தில் ஒட்டியது. எஞ்சியதை விரலிடையே தேய்த்துப் பார்த்தோம், நெறுநெறுப்பு இல்லை.