வீட்டுக்குள் வந்த ஒளி: விலை குறைந்த லேசரும் ஃபைபர் இணையமும்

கம்பத்திலிருந்து ஜன்னல் வழியாக உள்ளே வரும் மெல்லிய கறுப்பு கேபிள், சுவரில் மாட்டிய சிறிய வெள்ளைப் பெட்டி, அதில் மினுக்கும் பச்சை விளக்குகள். இன்று நம் ஊர்த் தெருக்களில் இது பழகிய காட்சி. பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, வளைகுடாவில் இருக்கும் வாப்பாவுடன் வீடியோ அழைப்பு, வங்கிக் கணக்கு, பயான் நேரலை என எல்லாம் அந்தக் கேபிள் வழியாகத்தான் நம்மிடம் வந்து சேர்கின்றன.

அந்தப் பெட்டிக்குள் ஒரு லேசர் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. லேசர் என்றாலே ஆய்வுக்கூடமும் கண் அறுவை சிகிச்சையும்தான் நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட ஒரு கருவி, மாதம் சில நூறு ரூபாய் கட்டணம் செலுத்தும் சாதாரண வீட்டுக்குள் எப்படி வந்தது? அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

இழைக்குள் ஒளி எப்படி ஓடுகிறது?

ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும்போது திசை மாறுகிறது. இதை ஒளிவிலகல் என்கிறோம். இந்த விதியை 1621இல் டச்சு அறிஞர் ஸ்னெல் கண்டறிந்ததாகப் பாடநூல்கள் சொல்கின்றன. ஆனால் பக்தாதில் வாழ்ந்த இப்னு ஸஹ்ல், 984ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய நூலில் இதே விதியைப் பயன்படுத்தியிருப்பதை வரலாற்றாய்வாளர் ருஷ்தி ராஷித் 1990இல் எடுத்துக் காட்டினார். அவருக்குப் பின் வந்த இப்னுல் ஹைதம், கெய்ரோவில் இருந்தபடி எழுதிய 'கிதாபுல் மனாளிர்' ஒளியியலையே சோதனை செய்து பார்க்கும் ஓர் அறிவாக மாற்றியது.

இதை வைத்து ஃபைபர் இணையத்தை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று பெருமை பேசுவதற்கில்லை. அறிவு ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சென்று வளர்கிறது என்பதற்காகவே சொல்கிறோம்.

கண்ணாடிக்குள் போகும் ஒளி, ஓரத்தை மிகச் சாய்வாகச் சென்று தொட்டால் வெளியேறாது. முழுவதுமாக உள்ளேயே திரும்பிவிடும். ஃபைபர் இழையின் நடுவில் ஒளி ஓடும் பகுதியின் விட்டம் சுமார் 9 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனில் எட்டில் ஒரு பங்கு அளவுதான். ஒளி இதற்குள் அடைபட்டு, கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிறது.

1966இல் இங்கிலாந்தில் பணியாற்றிய சார்லஸ் காவ், கண்ணாடியிலுள்ள அசுத்தங்களை நீக்கினால் அதன் வழியே தொலைதூரம் செய்தி அனுப்பலாம் என்று எழுதினார். ஒரு கிலோமீட்டர் கடந்த பின் நூறில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினாலே போதும் என்பது அவர் வைத்த அளவு. 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த அளவை எட்டியது. இன்றைய இழையில் ஒரு கிலோமீட்டருக்குப் பின்னும் 90 விழுக்காட்டுக்கு மேல் ஒளி மிஞ்சுகிறது. காவ் 2009இல் நோபல் பரிசு பெற்றார். அதே 1970இல்தான், சாதாரண அறை வெப்பத்தில் இடைவிடாமல் இயங்கும் குறைகடத்தி லேசரும் சோவியத் ரஷ்யாவிலும் அமெரிக்காவிலும் உருவானது. பாதையும் பயணியும் ஒரே ஆண்டில் தயாரானார்கள் எனலாம்.

ஓர் இழை, 32 வீடுகள்

ஊருக்கு ஊர், கடலுக்குக் கடல் இணைக்கும் பெரிய கேபிள்களில் விலை உயர்ந்த லேசரைப் போட்டாலும் கட்டுப்படியாகும். ஒரு லேசரின் செலவை லட்சக்கணக்கான மக்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். தெருவிலிருந்து வீடு வரையுள்ள கடைசிப் பகுதியில் அது முடியாது. இந்தப் பகுதியைத்தான் அணுகு வலையமைப்பு என்கிறார்கள்.

நம் நாட்டில் பரவலாக உள்ள ஜிபான் முறையை எடுத்துக்கொள்வோம். இணைப்பகத்தில் ஓஎல்டி என்ற கருவி இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் ஒரே இழை, வழியில் ஸ்பிளிட்டர் என்ற சிறு பெட்டியில் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிந்து வீடுகளுக்குச் செல்கிறது. ஸ்பிளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. பழுதாகவும் அதிகம் ஒன்றுமில்லை. வீட்டிலுள்ள வெள்ளைப் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர்.

இணைப்பகத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர். வேகம் நொடிக்கு சுமார் 2.5 ஜிகாபிட். வீட்டிலிருந்து திரும்பிச் செல்லும் ஒளியின் அலைநீளம் 1310 நானோமீட்டர். வேகம் சுமார் 1.25 ஜிகாபிட். இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அலைநீளம் வேறு என்பதால் ஒரே இழையில் எதிரெதிராகச் சென்றாலும் மோதிக்கொள்வதில்லை.

இறங்கு திசையில் எல்லா வீட்டுக்கும் ஒரே ஒளி வருகிறது; மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால் அவரவர் பெட்டி அவரவருக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். சிக்கல் ஏறு திசையில்தான். 32 வீட்டு லேசர்களும் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் விளங்காது. மக்தபில் பிள்ளைகள் உஸ்தாதிடம் ஒவ்வொருவராகப் பாடம் ஒப்பிப்பதைப் போல, ஒவ்வொரு பெட்டியும் தன் முறை வரும்போது மட்டும் ஒளிர்ந்து உடனே அணைய வேண்டும். லேசரை எழுப்ப அதற்குக் கிடைக்கும் நேரம் சுமார் 13 நானோநொடி மட்டுமே. ஒரு பெட்டி பழுதாகி முறை தவறி ஒளிர்ந்துகொண்டே இருந்தால், அந்த இழையிலுள்ள மற்ற வீடுகளின் இணைப்பும் கெட்டுவிடும்.

அனுப்பும் ஒளியும் மிகச் சிறிது. வீட்டு லேசரின் திறன் சில மில்லிவாட்தான். ஸ்பிளிட்டரில் 32இல் ஒரு பங்காகக் குறைந்து, 20 கிலோமீட்டர் இழையிலும் இணைப்புகளிலும் மேலும் தேய்ந்து, இணைப்பகத்தைச் சேரும்போது இரண்டு மைக்ரோவாட்டுக்கும் கீழே போய்விடலாம். அதையும் படித்துவிடும் அளவுக்கு ஓஎல்டியின் உணரி நுட்பமானது.

செலவு யார் தலையில்?

ஓஎல்டியிலுள்ள லேசரின் செலவை 32 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. ஓஎன்டியிலுள்ள லேசரின் செலவு முழுவதும் ஒரே வீட்டின் மீது விழுகிறது. ஒரு பெட்டியில் நூறு ரூபாய் கூடினால், பத்து லட்சம் வீடுகளுக்குப் பத்துக் கோடி ரூபாய். எனவே நல்ல லேசரை வீட்டு முனையில் வைக்க முடியுமா என்று மட்டும் பொறியாளர்கள் கேட்கவில்லை. மலிவான லேசரை வைத்தே வேலையை முடிக்க முடியுமா என்றும் கேட்டார்கள்.

லேசர் சில்லு உப்புக்கல் அளவுதான். ஒரே தகட்டில் ஆயிரக்கணக்கில் செய்துவிடலாம். அதை 9 மைக்ரான் இழைக்கு நேராக, இம்மி பிசகாமல் பொருத்தி, காற்றும் ஈரமும் புகாமல் அடைப்பதில்தான் செலவு கூடுகிறது. அதன் வெப்பத்தை ஒரே நிலையில் வைத்திருக்கக் குளிர்விக்கும் கருவியும் சேர்த்தால் விலையும் மின்செலவும் இன்னும் ஏறும். ஆகவே வீட்டு லேசர் குளிர்விப்பான் இல்லாமல், சிறிய உலோகத் தொப்பி போன்ற எளிய கூட்டுக்குள் இயங்கியாக வேண்டும்.

எளிய லேசரின் குறைகள்

விலை குறைந்த லேசர்களில் முதன்மையானது ஃபேப்ரி–பெரோ வகை. இரண்டு பிரெஞ்சு அறிஞர்களின் பெயரால் அழைக்கப்படும் இதன் அமைப்பு எளிது: சில்லின் இரு முனைகளும் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அனுப்ப, நடுவில் ஒளி பெருகுகிறது.

இதில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, இது ஒரே அலைநீளத்தில் ஒளிர்வதில்லை. சில நானோமீட்டர் அகலத்தில் பல அலைநீளங்களில் ஒளிர்கிறது. இரண்டாவது, வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அதன் அலைநீளம் சுமார் 0.4 முதல் 0.5 நானோமீட்டர் நகர்கிறது. குளிர்ந்த விடியலுக்கும் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் சூடேறிய பெட்டிக்கும் இடையே 50 டிகிரி வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், 20 முதல் 25 நானோமீட்டர் நகர்ந்துவிடும்.

முதல் குறை ஏன் முக்கியம்? இழைக்குள் எல்லா அலைநீளங்களும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. 1550 நானோமீட்டர் பகுதியில், 3 நானோமீட்டர் அகலமுள்ள ஒளித்துடிப்பு 20 கிலோமீட்டர் சென்றால் ஏறத்தாழ ஒரு நானோநொடி அளவுக்குப் பரவிவிடும். 1.25 ஜிகாபிட் வேகத்தில் ஒரு பிட்டின் ஆயுளே 0.8 நானோநொடிதான். ஒரு பிட் அடுத்த பிட்டின் மேல் ஏறிவிடும், செய்தி குலைந்துவிடும்.

குறைக்கு இடம் கொடுத்த விதி

இந்தச் சிக்கலைத் தரநிலை வகுத்தவர்கள் அழகாகத் தீர்த்தார்கள். சாதாரண இழையில் 1310 நானோமீட்டரை ஒட்டிய பகுதியில் இந்த வேக வேறுபாடு கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. வீட்டு லேசருக்கு அந்த இடத்தையே ஒதுக்கினார்கள். அதுமட்டுமல்ல, 1260 முதல் 1360 வரை 100 நானோமீட்டர் அகலத்துக்கு இடம் விட்டார்கள். வெயிலில் லேசர் 25 நானோமீட்டர் நகர்ந்தாலும் தன் எல்லைக்குள்ளேயே இருக்கும். லேசரைத் திருத்துவதற்குப் பதிலாக, அதன் குறை பாதிக்காத இடத்தில் அதை வைத்துவிட்டார்கள்.

வேகமும் தூரமும் கூடியபோது ஃபேப்ரி–பெரோ திணறியது. அதன் ஒளி பல அலைநீளங்களுக்கிடையே தாவிக்கொண்டே இருப்பதால் இரைச்சல் உண்டாகிறது. அதனால் ஜிபான் பெட்டிகளில் டிஎஃப்பி என்ற வகை இடம்பிடித்தது. சில்லுக்குள்ளேயே நுண்ணிய வரிகள் செதுக்கி, ஒரே அலைநீளம் மட்டும் வளரச் செய்வது இதன் முறை. டிகிரிக்கு சுமார் 0.1 நானோமீட்டர்தான் நகரும். ஒரு காலத்தில் விலை உயர்ந்த பொருளாக இருந்த இது, கோடிக்கணக்கில் தயாரானபோது மலிந்தது.

இதில் இன்னொரு நன்மையும் விளைந்தது. லேசர் ஒழுங்காக நிற்கத் தொடங்கியதால், பழைய அகலமான இடத்தை 2007இல் சுருக்க முடிந்தது. விடுபட்ட 1270 பகுதியில்தான், நொடிக்கு 10 ஜிகாபிட் தரும் அடுத்த தலைமுறை முறையின் ஏறு ஒளி குடியேறியது. பழைய பெட்டியும் புதிய பெட்டியும் ஒரே இழையில் அருகருகே வாழ முடிகிறது.

ஆளுக்கொரு அலைநீளம்

முறை வைத்துப் பேசுவதை விட ஒவ்வொரு வீட்டுக்கும் தனி அலைநீளம் கொடுத்தால் என்ன? நல்ல யோசனைதான். ஆனால் 32 வீட்டுக்கு 32 விதமான லேசர் வேண்டும். எந்த வீட்டுக்கு எந்தப் பெட்டி என்று பார்த்துப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு வகையிலும் உபரி வைத்திருக்க வேண்டும்.

தென்கொரியாவின் கேயிஸ்ட் ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு வாக்கில் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரியான மலிவான ஃபேப்ரி–பெரோ லேசர். இணைப்பகத்திலிருந்து அந்த வீட்டுக்குரிய அலைநீளத்தில் மெல்லிய ஒளி அதற்குள் அனுப்பப்படும். உஸ்தாத் ஓதிக் கொடுக்க அதே ராகத்தில் பிள்ளைகள் ஓதுவதைப் போல, லேசர் தன் போக்கை விட்டு அந்த அலைநீளத்தைப் பற்றிக்கொள்ளும். தென்கொரியாவில் இம்முறை வீட்டு இணைப்புகளில் பயன்பாட்டுக்கும் வந்தது.

பின்னர் என்ஜி-பான்2 என்ற தரநிலை வந்தது. இதில் வீட்டுப் பெட்டியின் லேசர் நான்கு அலைநீளங்களில் எதற்கு வேண்டுமானாலும் மாறிக்கொள்ளும். திறன் மிக்க முறை. ஆனால் மாறும் லேசரின் விலை மலியவில்லை. 2016இல் எக்ஸ்ஜிஎஸ்-பான் வந்தது. மாறாத ஒரே அலைநீளம், எளிய லேசர், இரு திசையிலும் 10 ஜிகாபிட். உலகின் பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டாவதையே தேர்ந்தெடுத்தன. வீட்டு முனையிலுள்ள ஒரு சிறு சில்லின் விலை, எந்தத் தொழில்நுட்பம் வாழும் என்பதையே தீர்மானிக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

நாம் கவனிக்க வேண்டியவை

பாரத்நெட் என்று இன்று அழைக்கப்படும் திட்டத்துக்கு நடுவண் அரசு 2011இல் ஒப்புதல் அளித்தது. சுமார் இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளை இழையால் இணைப்பது அதன் நோக்கம். அதற்கும் ஜிபான் முறையே கைக்கொள்ளப்பட்டது. விலை குறைந்த லேசர் இல்லையென்றால் இப்படி ஒரு திட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே கடினம்.

அன்றாடப் பயன்பாட்டில் சில விஷயங்களை நினைவில் வைப்போம். பெட்டியில் 'லாஸ்' என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் இணைப்பகத்தின் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கும், மடங்கியிருக்கும், அல்லது முனையில் அழுக்கு இருக்கும். கேபிளை ஆணியில் இறுக்கி வளைக்கக் கூடாது. வெப்பம் லேசரின் ஆயுளைக் குறைக்கும் என்பதால் பெட்டியைக் காற்றோட்டமான இடத்தில் மாட்டுவது நல்லது. கழற்றிய இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஒளி இல்லை என்றாகிவிடாது. குழந்தைகளுக்கும் இதைச் சொல்லி வைப்போம்.

பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகளில் பலர் மென்பொருள் பக்கமே செல்கிறார்கள். ஒளியியலும் குறைகடத்தியும் கற்றவர்களுக்கும் பெரிய தேவை இருக்கிறது. இப்னுல் ஹைதமின் பெயரைச் சொல்லி மகிழ்வதோடு நில்லாமல், அவர் கையிலெடுத்த கல்வியையும் கையிலெடுக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் மின்னும் ஒரு கண்டுபிடிப்பு, ஏழையின் வீட்டுக்கும் எட்டும் விலையில் வரும்போதுதான் அதன் பயன் நிறைவடைகிறது. இந்த லேசரின் கதையில் அதைச் சாதித்தவர்கள், குறையுள்ள எளிய பொருளைத் தூக்கி எறியாமல், அது நிற்க ஓர் இடம் பார்த்துக் கொடுத்தவர்கள். பயனுள்ள கல்வியைக் கேட்டு துஆ செய்யும் நமக்கு இதில் நல்ல படிப்பினை இருக்கிறது. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதை எளியோருக்கும் கொண்டு சேர்க்கும் மனத்தையும் தந்தருள்வானாக!