ஒரு சாவி, இரண்டு கதவு: ஸெல்டா டஞ்சன்கள் கட்டப்படும் விதம்

ஒரு அறை. கிழக்கே பூட்டிய கதவு ஒன்று, மேற்கே பூட்டிய கதவு ஒன்று. கையில் ஒரே ஒரு சாவி. அது இரண்டு கதவுக்கும் சேரும், ஆனால் ஒருமுறை திறந்ததும் காணாமல் போய்விடும். கிழக்குக் கதவுக்குப் பின்னால் இன்னொரு சாவி இருக்கிறது. மேற்குக் கதவுக்குப் பின்னால் கொஞ்சம் காசு, அவ்வளவுதான். நீங்க மேற்கை முதலில் திறந்துட்டீங்கன்னா? சாவியும் போச்சு, வழியும் போச்சு. விளையாட்டை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இந்தச் சின்னச் சிக்கலை எப்படியெல்லாம் தவிர்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால், நிண்டெண்டோவின் 'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா' வரிசையின் பாதி வரலாறு கிடைத்துவிடுகிறது. 1986-ல் ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெஸுகாவும் தொடங்கிய வரிசை இது. லிங்க் என்கிற பையனை நாம் நடத்திப் போகிறோம். காடு, மலை, ஊர் எல்லாம் சுற்றிவிட்டு அங்கங்கே ஒரு டஞ்சனுக்குள் நுழைகிறோம். டஞ்சன் என்றால் அகராதியில் நிலவறை. ஸெல்டாவில் கோயிலும் டஞ்சன், கோபுரமும் டஞ்சன், ஒரு பெரிய மீனின் வயிறுகூட டஞ்சன். உள்ளே அறைகள், பூட்டுகள், புதிர்கள், கடைசியில் ஒரு பெரிய எதிரி.

இதில் புதிர் என்பது தனித்தனி அறைகளில் இருப்பதாகத்தான் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். கல்லைத் தள்ளு, விளக்கை ஏற்று, கண் மாதிரி இருக்கும் பொறியை அம்பால் அடி. அதெல்லாம் ஊறுகாய். உண்மையான புதிர் கட்டடம் முழுவதும்தான். எந்த அறை எதற்கு முன்னால், எதைத் திறந்தால் எது எட்டும் என்கிற அந்தச் சார்பு வரைபடம். (மார்க் பிரவுன் என்பவர் 'பாஸ் கீஸ்' என்ற யூடியூப் தொடரில் டஞ்சன்களை இப்படிப் பூட்டு-சாவி வரைபடங்களாகவே வரைந்து காட்டியிருக்கிறார். ஆர்வம் இருக்கிறவங்க அவசியம் பாருங்க.)

சரி, சாவிக்கு வருவோம்.

சின்னச் சாவிக்கு இரண்டு குணம். ஒன்று, எல்லாச் சாவியும் ஒன்றுதான், எதை எந்தக் கதவில் வேண்டுமானாலும் போடலாம். இரண்டு, போட்டால் தீர்ந்துவிடும். ப்ரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது பழகின தலைவலி: எண்ணிக்கைக்கு உட்பட்ட ஒரு வளம், அதற்குப் பல பேர் போட்டி, தப்பான ஆளுக்குக் கொடுத்தால் எல்லாம் நின்றுவிடும். டெட்லாக்.

இது வராமல் இருக்க ஒரு எளிய நிபந்தனை போதும். திறக்க வேண்டிய கதவு ஒன்றாவது மிச்சம் இருக்கும்வரை, இதுவரை கைக்கு எட்டிய சாவிகளின் எண்ணிக்கை, இதுவரை திறந்த கதவுகளின் எண்ணிக்கையைவிடக் குறைந்தது ஒன்று அதிகமாக இருக்க வேண்டும். ஆட்டக்காரர் எந்த வரிசையில் திறந்திருந்தாலும் சரி. மேலே சொன்ன அறையில் மேற்கைத் திறந்த பிறகு எட்டிய சாவி 1, திறந்த கதவு 1, கிழக்குக் கதவு இன்னும் மிச்சம். நிபந்தனை உடைந்துவிட்டது.

எந்த வரிசையிலும் என்று சொன்னதும் பயந்துவிட வேண்டாம். பத்துக் கதவை 36,28,800 வரிசைகளில் திறக்கலாம்தான். ஆனால் நமக்கு வரிசை முக்கியமில்லை, எந்தெந்தக் கதவு திறந்திருக்கிறது என்பது மட்டுமே முக்கியம். அப்படிப் பார்த்தால் அதிகபட்சம் 1,024 நிலைகள். கணினிக்கு ஒரு நொடி வேலைகூட இல்லை. 1986-ல் காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தவர்களுக்குத்தான் கஷ்டம்.

அவர்கள் அதைக் கையாண்ட விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் ஸெல்டாவில் சாவிகள் டஞ்சனோடு கட்டப்பட்டவை அல்ல. ஒன்றில் மிஞ்சிய சாவியை அடுத்ததில் போடலாம். அப்படியும் போதவில்லையா, கடையில் 80 அல்லது 100 ரூபிக்கு வாங்கிக்கொள்ளலாம். (அந்த உலகத்து நாணயத்தின் பெயரும் ஆங்கிலத்தில் நம்ம ரூபாயை எழுதும் அதே எழுத்துக்கூட்டல்தான்.) எட்டாம் டஞ்சனில் எல்லாக் கதவையும் திறக்கும் தீராத மந்திரச் சாவி ஒன்று கிடைக்கும். அதாவது உள்ளே கணக்கு சரியாக வருகிறதா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், வெளியிலிருந்து சப்ளைக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள். நடைமுறைக்கு உகந்த வழி. ஆனால் ஒரு விலை உண்டு: சாவியைக் கடையில் வாங்க முடியும் என்றால், இந்தக் கட்டடத்துக்குள்ளேயே எங்கேயோ விடை ஒளிந்திருக்கிறது என்கிற நம்பிக்கை போய்விடுகிறது.

1991-ல் வந்த 'எ லிங்க் டு த பாஸ்ட்' அந்த வாசலை மூடியது. ஒரு டஞ்சனின் சின்னச் சாவி அந்த டஞ்சனுக்கு மட்டும்தான். கூடவே பெரிய சாவி என்று ஒன்று வந்தது. அது தீராது, குறிப்பிட்ட கதவுகளுக்கும் பெரிய பெட்டிக்கும் மட்டும். இனி கணக்கு உள்ளேயே சரிக்கட்டப்பட வேண்டும். பெரும்பாலும் அவர்கள் கண்ட தீர்வு, ஒரு சமயத்தில் ஒரே ஒரு பூட்டிய கதவுதான் எட்டும்படி அறைகளை வரிசைப்படுத்துவது. தேர்வு இருப்பது மாதிரி தெரியும், ஆனால் தப்பாகத் தேர்ந்தெடுக்க முடியாது. இல்லாவிட்டால் உபரியாக ஒரு சாவி. பானைக்குள்ளிருந்து சாவி வரும்போதும், எதிரி சாகும்போது சாவி விழும்போதும் பின்னால் இந்தக் கணக்குதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இது எவ்வளவு நுட்பமான கணக்கு என்பது ரேண்டமைசர் எழுதும் ரசிகர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பழைய ஸெல்டா விளையாட்டுகளில் எந்தப் பெட்டியில் எது என்பதைக் கலைத்துப் போடும் மென்பொருள் அது. கலைத்த பிறகும் விளையாட்டு முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்கு அவர்கள் ஆட்டக்காரரை ஒரு துரதிர்ஷ்டசாலியாக வைத்துக்கொள்கிறார்கள்: கையில் வரும் ஒவ்வொரு சாவியையும் இருப்பதிலேயே உபயோகமற்ற கதவில்தான் போடுவார், அப்போதும் மாட்டிக்கொள்ளக் கூடாது. கோட்பாட்டுப் பக்கத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். 2012-ல் எரிக் டிமெய்ன் உள்ளிட்டோர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, எத்தனை பெரிய வரைபடமும் இருக்கலாம் என்று பொதுமைப்படுத்தினால், ஸெல்டா விளையாட்டுகளை முடிக்க முடியுமா என்று கண்டுபிடிப்பது என்பி-ஹார்ட் என்று நிறுவியது. கல்லைத் தள்ளுவது ஊறுகாய் என்று மேலே எழுதினேன். கணிதத்துக்கு அந்த ஊறுகாயே போதும்போல.

லிங்க்குக்குக் கிடைக்கும் வில், கொக்கிச் சங்கிலி மாதிரி கருவிகளும் ஒருவிதச் சாவிதான். ஆனால் அவை தீராது, கூடிக்கொண்டேதான் போகும். அதனால் மாட்டிக்கொள்ளும் ஆபத்து குறைவு. வடிவமைப்பாளருக்கு நிம்மதியான பூட்டு.

மூன்றாவது வகைதான் விவகாரம் பிடித்தது. கட்டடத்தின் நிலையையே மாற்றுவது.

1998-ல் வந்த 'ஆக்கரினா ஆஃப் டைம்' விளையாட்டின் தண்ணீர்க் கோயில் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸெல்டா விளையாடாதவர்கள்கூட அதன் பெயரைச் சொல்லிப் புலம்புவார்கள். நடுவில் பெரிய கூடம், மையத்தில் ஒரு கோபுரம், சுற்றிலும் பல வழிகள். நுழையும்போது தண்ணீர் உச்சி மட்டத்தில் நிற்கும். மூன்று இடங்களில் ஒரு சின்னம் பொறித்திருக்கும். அங்கே நின்று ஒரு தாலாட்டு மெட்டை வாசித்தால் தண்ணீர் மாறும். ஓர் இடம் அடிமட்டத்துக்கு, ஓர் இடம் நடுமட்டத்துக்கு, ஓர் இடம் உச்சிக்கு.

இப்போது எண்ணிப் பாருங்க. மூன்றே மதிப்பு எடுக்கும் ஒரு குளோபல் வேரியபிள். முப்பது அறை என்று வைத்துக்கொண்டாலும் தொண்ணூறு நிலைகள்தான். ஒரு சுமாரான சதுரங்கப் புதிர் இதைவிடப் பெரியது. அப்புறம் ஏன் இத்தனை பேர் அழுதார்கள்?

என் கட்சி இதுதான்: புதிரின் கஷ்டம் நிலைகளின் எண்ணிக்கையில் இல்லை. ஒரு யூகத்தைச் சோதித்துப் பார்க்க என்ன செலவாகிறது என்பதில் இருக்கிறது. 'நடுமட்டத்தில் தண்ணீர் இருந்தால் அந்த மூலைக்குப் போகலாமோ' என்று தோன்றுகிறது. சோதிக்க வேண்டும் என்றால், நடுமட்டத்துக்கான சின்னம் எங்கே என்று நினைவுபடுத்தி, அங்கே நடந்து, மெட்டை வாசித்து, தண்ணீர் நகர்வதைப் பார்த்துக் காத்திருந்து, திரும்ப அந்த மூலைக்குப் போக வேண்டும். நடுவில் தண்ணீருக்குள் மூழ்க இரும்புக் காலணி. அதைப் போட விளையாட்டை நிறுத்தி, உடைமைப் பக்கத்துக்குப் போய், காலணியைத் தேர்ந்தெடுத்து, திரும்பி வர வேண்டும். மேலே மிதக்க மறுபடியும் அதே சடங்கு. முழு பில்டுக்கு நாற்பது நிமிஷம் எடுக்கும் ப்ராஜெக்ட்டில் பிழை தேடினவர்களுக்கு இந்த வலி புரியும். பிழை சின்னதுதான். ஒவ்வொரு முயற்சிக்கும் நாற்பது நிமிஷம் என்பதுதான் ஆளைக் கொல்வது.

அதிலும் ஒரு சாவி இருக்கிறது. மையக் கோபுரத்துக்குள் நடுமட்டத்துக்குத் தண்ணீரை ஏற்றியதும், அங்கே தரையில் இருந்த ஒரு கட்டை மிதந்து மேலே வந்துவிடும். அது இருந்த இடத்தில் கீழே இறங்க ஒரு துவாரம். ஆனால் தண்ணீர் ஏறியதுமே 'வேலை முடிந்தது' என்று நாம் கோபுரத்தை விட்டு வெளியே போய்விடுவோம், காலடியில் திறந்த வழியைப் பார்க்காமல். சாவிக் கணக்கு இங்கே பழுதில்லாமல்தான் இருக்கிறது. நிபந்தனை உடையவே இல்லை. ஆனால் ஆட்டக்காரருக்கு அது தெரியாதே. எங்கோ ஒரு சாவியை வீணடித்துவிட்டோம், இனி மீளவே முடியாது என்று நம்பி விளையாட்டையே விட்டவர்கள் உண்டு. மாட்டிக்கொள்ளாமல் இருப்பது வேறு, மாட்டிக்கொள்ளவில்லை என்று தெரிந்திருப்பது வேறு.

அந்த விளையாட்டின் டஞ்சன்களை வடிவமைத்த எய்ஜி அவோனுமா, பிற்காலப் பேட்டிகளில் காலணி விஷயத்தில் தனக்கிருந்த குறையை ஒப்புக்கொண்டார். 2011-ல் நிண்டெண்டோ 3டிஎஸ் கருவிக்கு மறுவெளியீடு செய்தபோது காலணியை ஒரே பொத்தானில் போட்டுக் கழற்றும்படி மாற்றினார்கள். தண்ணீர் மட்டத்தை மாற்றும் இடங்களுக்குப் போகும் வழிகளில் வண்ணக் கோடுகள் வரைந்து வைத்தார்கள். கவனியுங்கள், புதிர் அப்படியேதான் இருக்கிறது. அறைகள், சாவிகள், மட்டங்கள் எதுவும் எளிமையாக்கப்படவில்லை. குறைந்தது யூகத்தின் செலவு மட்டுமே. புலம்பல் பெருமளவு அடங்கியது.

கட்டடத்தின் நிலையை மாற்றும் யோசனையை இந்த வரிசை பல விதமாக முயன்றிருக்கிறது. 1993-ல் கேம் பாய்க்கு வந்த 'லிங்க்ஸ் அவேக்கனிங்' விளையாட்டின் கழுகுக் கோபுரத்தில் கனமான ஓர் உருண்டையைத் தூக்கிப்போய் நான்கு தூண்களை உடைத்தால் மேல்மாடி அப்படியே கீழே இறங்கிவிடும். அத்தனை சின்னத் திரையில் அத்தனை பெரிய யோசனை! 2000-த்தில் 'மஜோராஸ் மாஸ்க்' ஒரு கோயிலையே தலைகீழாகப் புரட்டியது. கூரை தரையாகும், முதலில் எட்டாத பெட்டிகள் எட்டும். மாறுவதோ இரண்டு நிலைகளுக்கு இடையில்தான், ஆனால் மாற்ற ஒவ்வொரு முறையும் வெளியே போக வேண்டும். அழகு அதிகம், செலவும் அதிகம். 2006-ன் 'ட்வைலைட் பிரின்சஸ்' வேறு திசையில் போனது. பனிமலை மாளிகையில் உடம்பு சரியில்லாத ஒரு யெட்டி அம்மா, படுக்கையறைச் சாவி இங்கேதான் இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்துக் கொடுப்பார். உயிரைக் கொடுத்துப் போய்ப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பரங்கிக்காய். அடுத்த பெட்டியில் பாலாடைக்கட்டி. இருபது வருஷமாகச் சாவி தேடிப் பழகிய ரசிகர்களிடம் இப்படி விளையாட ஒரு தைரியம் வேண்டும்.

2017-ல் 'பிரெத் ஆஃப் த வைல்ட்'. பெரிய டஞ்சன்களுக்குப் பதில் 120 சிறு கோயில்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு புதிர். அதோடு நான்கு ராட்சத யந்திர மிருகங்கள். இந்த மிருகங்களில் தண்ணீர்க் கோயிலின் பாடம் நன்றாகவே தெரிகிறது. பறவையின் உடலைச் சாய்க்கலாம், ஒட்டகத்தின் வயிற்று உருளைகளைச் சுழற்றலாம். அதுவும் எங்கே நின்றாலும் வரைபடத்தைத் திறந்து அங்கிருந்தே. யூகத்தின் செலவு ஏறக்குறைய பூஜ்யம்.

ஆனால் கூடவே இன்னொன்றும் போய்விட்டது. ஒவ்வொரு மிருகத்துக்குள்ளும் ஐந்து முனையங்கள், எந்த வரிசையிலும் முடுக்கலாம். சின்னச் சாவி இல்லை. ஒன்றைத் தீர்த்தால் இன்னொன்று திறக்கும் என்பது கிட்டத்தட்ட இல்லை. வரைபடமாக வரைந்தால் ஒரு மையப்புள்ளியும் ஐந்து கிளைகளும்தான். 120 சிறு கோயில்கள் அதைவிடத் தனித்தனி. ஒன்றில் நடப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. மென்பொருளில் இதை நல்ல வடிவமைப்பு என்போம், பகிர்ந்த நிலை கூடாது என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுப்போம். விளையாட்டில் எனக்கு அது குறையாகத்தான் படுகிறது. தண்ணீர்க் கோயிலை முடித்தவருக்கு அந்தக் கட்டடம் மொத்தமும் மனசுக்குள் வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கதவுக்கு எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்வார். யந்திரப் பறவையை முடித்தவர்களிடம் கேட்டுப் பாருங்க, இறக்கையைச் சாய்த்தது நினைவிருக்கும், அறைகள் இருக்காது.

செலவைக் குறைப்பதும் சார்பை அறுப்பதும் ஒன்றல்ல. 2011-ல் முதலாவதை மட்டும் செய்தார்கள், பலன் கிடைத்தது. 2017-ல் இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். விளையாட்டு பிரமாதமாக ஓடியது என்பதால், எதனால் ஓடியது என்று பிரித்துப் பார்ப்பது கடினமாகிவிட்டது. 2023-ன் 'டியர்ஸ் ஆஃப் த கிங்டம்' கோயில்களுக்குப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தது, ஆனால் உள்ளே அதே நான்கைந்து கிளைகள்தான்.

2024-ல் வந்த 'எக்கோஸ் ஆஃப் விஸ்டம்' விளையாட்டில் லிங்க் அல்ல, இளவரசி ஸெல்டாவே நாயகி. அதில் சின்னச் சாவியும் பெரிய சாவியும் மறுபடி வந்திருக்கின்றன. பார்த்த பொருள்களை நகலெடுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கும் சக்தி அவளுக்கு. கட்டிலை நகலெடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் எட்டாத மேடுகளிலும் ஏறிவிடலாம். பூட்டிய கதவுக்கு மட்டும் இன்னமும் சாவிதான் வேண்டும். அதன் டஞ்சன்களை நானும் காகிதத்தில் வரைய ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு முடிந்திருக்கிறது.