முகம் தெரியாத கூலி – 9: பெட்டிக்குள் இருந்தவர்

இணைய வேலைச்சந்தை ஏலத்தில் கூலி எப்படிக் கீழே இறங்குகிறது என்பதைப் பார்த்தாயிற்று. ஐந்து டாலர் வேலையில் ஒரு டாலரை 'ஃபைவர்' என்ற இணையச் சந்தை எடுத்துக்கொண்டு நான்கைக் கையில் கொடுக்கும் கணக்கும் நினைவிருக்கும். அந்த நான்கு டாலர் நம்மூர் வங்கிக் கணக்கில் ரூபாயாக விழுவதற்குள் எங்கெங்கே கரைகிறது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். குறிப்புகளைப் புரட்டும்போது வில்லியம் ஷ்லம்பர்ஜே குறுக்கே வந்துவிட்டார். அவரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

பிரான்சின் அல்சேஸ் பகுதிக்காரர். பாரிஸில் சதுரங்கக்காரர்கள் கூடும் 'கஃபே த லா ரெஷான்ஸ்' என்ற காபிக் கடையில் ஆட்டம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். 1826-இல் அமெரிக்காவிலிருந்து மெல்ட்ஸெல் என்ற காட்சி வியாபாரி அவரை வேலைக்கு அழைத்தார். வெளியே பார்த்தால் ஷ்லம்பர்ஜே அந்தக் காட்சிக்குழுவின் உதவியாளர். பெட்டிகளைக் கட்டுவார், பிரிப்பார். அவருடைய உண்மையான வேலை வேறு. அந்த வேலைக்கு அவர் பெயர் எந்த விளம்பரத்திலும் வரக்கூடாது என்பதே நிபந்தனை.

மெல்ட்ஸெலிடம் ஓர் இயந்திரம் இருந்தது. 1770-இல் வியன்னாவில் பேரரசி மரியா தெரசாவின் முன்னால் கெம்பெலன் என்ற அரசு அதிகாரி காட்டிய இயந்திரம் அது. ஒரு மரப்பெட்டி, அதன் பின்னால் தலைப்பாகையும் அங்கியும் அணிந்த துருக்கிய பொம்மை. எதிரில் உட்கார்பவருடன் பொம்மை சதுரங்கம் ஆடும். பெரும்பாலும் ஜெயிக்கும். 1783-இல் பாரிஸில் பெஞ்சமின் பிராங்க்ளின் தோற்றார். 1809-இல் நெப்போலியன் தோற்றார். ஆட்டத்துக்கு முன் பெட்டியின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே பல்சக்கரங்கள் மட்டுமே இருப்பதாக மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காட்டுவார்கள். சபை வாயைப் பிளக்கும்.

உள்ளே ஆள் இருந்தார். பெட்டி மூன்றரை அடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம். அதற்குள் ஒரு நகரும் இருக்கை. இந்தக் கதவு திறக்கும்போது அந்தப் பக்கம், அந்தக் கதவு திறக்கும்போது இந்தப் பக்கம் என்று ஆள் சறுக்கி ஒதுங்கிக்கொள்வார். கதவெல்லாம் மூடிய பிறகு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு வேலையைத் தொடங்குவார். மேலே உள்ள காய்களின் அடியில் காந்தம். பலகையின் அடிப்பக்கத்தில், கட்டத்துக்கு ஒன்றாக நூலில் தொங்கும் சிறு உலோகத் துண்டுகள். எந்தக் காய் நகர்கிறதோ அந்த இடத்துத் துண்டு அசையும். அண்ணாந்து அதைப் பார்த்து எதிராளியின் ஆட்டத்தைப் படித்து, மடியிலுள்ள சின்னப் பலகையில் அதே ஆட்டத்தை வைத்துக்கொண்டு, நெம்புகோலால் பொம்மையின் இடது கையை இயக்க வேண்டும். மெழுகுவர்த்திப் புகை பொம்மையின் தலைப்பாகை வழியாக வெளியேறும். அந்த வாசனையை யாரும் சந்தேகப்படக் கூடாதென்று மேடையில் வேறு மெழுகுவர்த்திகளை எரியவிட்டார்கள்.

1827-இல் பால்டிமோரில் ஒரு கூரைமேல் ஏறியிருந்த இரண்டு சிறுவர்கள், காட்சி முடிந்ததும் மெல்ட்ஸெல் பெட்டியைத் திறப்பதையும் ஒரு மனிதர் வெளியே வருவதையும் பார்த்துவிட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தியும் வந்தது. அது எடுபடவில்லை, காட்சி தொடர்ந்தது. எட்கர் ஆலன் போ 1836-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஷ்லம்பர்ஜே நோயில் படுத்திருந்த நாட்களில் ரிச்மண்டில் சதுரங்கக் காட்சியே நடக்கவில்லை என்பதைக் குறித்திருக்கிறார். ஆள் எப்படி ஒளிந்திருந்தார் என்பதில் போ பல இடங்களில் தவறினார். ஆளைச் சரியாகப் பிடித்தார். 1838-இல் ஹவானாவில் மஞ்சள் காய்ச்சலில் ஷ்லம்பர்ஜே இறந்தார். அதே ஆண்டு, திரும்பி வரும் கப்பலில் மெல்ட்ஸெலும் இறந்தார். 1854-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த தீவிபத்தில் இயந்திரம் எரிந்தது.

இந்தக் கதை நம் தொடருக்குள் வருவதற்குக் காரணம், அமேசான் 2005 நவம்பரில் தொடங்கிய இணைய வேலைச்சந்தைக்கு இந்தப் பொம்மையின் பெயரையே வைத்ததுதான்: 'மெக்கானிக்கல் டர்க்', அதாவது இயந்திரத் துருக்கியர். கம்ப்யூட்டரால் செய்ய முடியாத சில்லறை வேலைகளை, உலகத்தில் எங்கோ இருக்கும் மனிதர்களுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கும் சந்தை. ஒரு துண்டுக்குக் குறைந்தபட்சக் கூலி ஒரு சென்ட். இந்த யோசனைக்கு 2001-இலேயே காப்புரிமை மனு போட்டவர்களில் வெங்கி ஹரிநாராயணும் ஆனந்த் ராஜாராமனும் உண்டு. இருவரும் சென்னை ஐஐடியில் படித்தவர்கள். அவர்களுடைய 'ஜங்லீ' நிறுவனத்தை 1998-இல் அமேசான் வாங்கியது. அடையாறு மரநிழலில் கம்ப்யூட்டர் படித்தவர்களின் கை இதில் இருக்கிறது என்று படித்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறேன். காரணம், 2010 வாக்கில் அந்தச் சந்தையில் வேலை செய்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் இந்தியர். யோசனை தந்தவர்களும் நம்மவர்கள், பெட்டிக்குள் உட்கார்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நம்மவர்.

இன்று எல்லோர் வாயிலும் இருக்கும் செயற்கை நுண்ணறிவின் வளர்ச்சியிலும் இந்தப் பெட்டிக்குப் பங்கு உண்டு. 2009-இல் கம்ப்யூட்டர் விஞ்ஞானி ஃபெய்-ஃபெய் லீ குழுவினர் வெளியிட்ட 'இமேஜ்நெட்' என்ற படத்தொகுப்பு இல்லாமல், படத்தைப் பார்த்து இது பூனை, இது லாரி என்று கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. அந்தப் படங்களைப் பிரித்து அடுக்கியவர்கள் 167 நாடுகளைச் சேர்ந்த சுமார் 49 ஆயிரம் பேர், இந்தச் சந்தை வழியாக.

ஒரு துண்டு வேலை எப்படி இருக்கும்? ஒரு சூப்பர் மார்க்கெட் பில்லின் புகைப்படம் திரையில் வரும். கசங்கியிருக்கும், பாதி எழுத்து மங்கியிருக்கும். கடையின் பெயர், தேதி, ஒவ்வொரு பொருள், அதன் விலை, மொத்தம் என்று கட்டங்களில் தட்டச்சு செய்ய வேண்டும். ஐந்து சென்ட் கூலி, மூன்று நிமிடம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு இருபது பில், ஒரு டாலர். இடையில் அடுத்த வேலையைத் தேடும் நேரத்துக்குக் காசு கிடையாது. நாற்பது பொருள் உள்ள நீள பில் வந்தாலும் அதே ஐந்து சென்ட்தான். அமெரிக்காவில் பகல் என்றால்தான் நல்ல வேலைகள் போடப்படும் என்பதால் இங்கே ராத்திரி கண்விழிக்க வேண்டும்.

வேலை கொடுப்பவரின் திரையில் தெரிவது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு. பெயர் இல்லை, ஊர் இல்லை. அவருக்கு முன்னால் இரண்டு பொத்தான்கள்: ஏற்கிறேன், நிராகரிக்கிறேன். நிராகரித்தால் கூலி கொடுக்க வேண்டாம். செய்து அனுப்பிய வேலை மட்டும் அவரிடமே இருக்கும். திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்குச் செக்கிங்கில் கழித்த துணி ஆல்ட்டருக்குத் திரும்பி வரும். பிரித்துத் தைத்துக் கொடுத்தால் காசு. இங்கே திரும்பி வருவது நிராகரிப்பு மட்டும். அது ரேட்டிங்கில் ஏறுகிறது. 95 சதவீதத்துக்குக் கீழே ரேட்டிங் இறங்கினால் நல்ல வேலைகள் பலவற்றின் கதவு மூடிவிடும். ஒரு சென்ட் போனது பெரிதில்லை, அதோடு போகும் அடுத்த மாதத்து வேலை பெரிது.

2018-இல் கோடாரோ ஹாராவும் சக ஆய்வாளர்களும் இச்சந்தையின் 2,676 தொழிலாளர்கள் செய்த 38 லட்சம் வேலைகளைக் கணக்கெடுத்தார்கள். தேடும் நேரம், பாதியில் விட்ட வேலை, நிராகரிக்கப்பட்ட வேலை எல்லாவற்றையும் சேர்த்தால் இடைநிலைக் கூலி மணிக்குச் சுமார் 2 டாலர். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலரைத் தாண்டியவர்கள் 4 சதவீதம் பேர். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: வேலை கொடுப்பவர்களைத் தனித்தனியாக எடுத்துச் சராசரி பார்த்தால் மணிக்கு 11 டாலருக்கு மேல் வருகிறது. குறைவாகக் கொடுப்பவர்கள்தான் மலைபோல வேலைகளைக் கொட்டுகிறார்கள். மொத்தக் கூலியை அவர்கள் கீழே இழுத்துவிடுகிறார்கள். எனக்கு இது நம்பிக்கை தரும் தகவல். நியாயமாகக் கொடுக்க முடியும், கொடுத்தும் வருகிறார்கள் என்று இது காட்டுகிறது.

'இரண்டு டாலர் நம்மூருக்குப் பெரிய காசுதானே?' இந்தத் தொடர் தொடங்கியதிலிருந்து அதிகம் வந்த கேள்வி இதுதான். எட்டு மணி நேரம் இடைவிடாமல் வேலை கிடைத்தால் பெரிய காசுதான். அப்படிக் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும் என்று பூட்டிய வேலைகள் ஏராளம். கம்ப்யூட்டர், இன்டர்நெட், மின்சாரம், முதுகுவலி எல்லாம் தொழிலாளியின் சொந்தச் செலவு. ரேட்டை ஊரை வைத்து நிர்ணயிப்பவர், நஷ்டத்தையும் ஊரோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு யாரும் வருவதில்லை.

தொழிலாளர்கள் சும்மா இருக்கவும் இல்லை. லில்லி ஈரானி, சிக்ஸ் சில்பர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2009 வாக்கில் 'டர்காப்டிகான்' என்ற கருவியைச் செய்து கொடுத்தார்கள். வேலை கொடுப்பவருக்குத் தொழிலாளிகள் மார்க் போடலாம்: கேட்டால் பதில் சொல்கிறாரா, தாராளமாகக் கொடுக்கிறாரா, நியாயமாக நடக்கிறாரா, சீக்கிரம் பணம் தருகிறாரா. எந்தப் பெட்டியிலும் இப்படி ஒரு ஜன்னல் முதல் நாளே இருந்திருக்க வேண்டும்.

'அப்வொர்க்' போன்ற சந்தைகளில் முகம் தெரிகிறதே என்று கேட்கலாம். தெரிகிறது. மணிக்கணக்கு வேலை என்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தொழிலாளியின் திரையை அவருடைய கம்ப்யூட்டரே படம் எடுத்து அனுப்பும். கீபோர்டில் எத்தனை முறை தட்டினார் என்ற கணக்கும் போகும். பதிலுக்கு, அந்த நேரத்துக்கான கூலிக்கு ஒரு பாதுகாப்பு கிடைக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பற்றித் தனியாக ஓர் அத்தியாயமே எழுத வேண்டும்.

ஈரோட்டு வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மசாலா பாக்கெட்டுக்கு டிசைன் வேண்டும். பத்துப் பேரிடம் இலவச மாதிரி கேட்டுப் பார்த்து ஒருவரை எடுப்பது தவறா என்கிறார். தவறுதான் ஐயா. ஒன்பது பேர் உங்களுக்காக ஒரு நாள் உழைத்து வெறுங்கையோடு போகிறார்கள். அவர்களுடைய பழைய வேலைகளைப் பார்த்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பேரிடமும் சின்ன மாதிரி வாங்கி, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மாதிரிக்குக் காசு கொடுங்கள். பத்து மாதிரியைப் புரட்டுவதைவிட உங்கள் நேரமும் மிச்சமாகும்.

யாருக்காவது துண்டு வேலை கொடுப்பதென்றால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். ஐந்து துண்டுகளை நீங்களே கடிகாரத்தை வைத்துக்கொண்டு செய்யுங்கள். உங்களுக்குப் பழக்கமான வேலை, அதனால் வேகமாக முடியும். புதிதாகச் செய்பவருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை, உங்கள் கடைப் பையனுக்கு ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கொடுப்பீர்களோ அதோடு பெருக்குங்கள். வருகிற தொகைக்குக் கீழே ரேட் போடாதீர்கள். சந்தைக்காரரின் கமிஷனைத் தனியாகக் கணக்கில் வையுங்கள். மெக்கானிக்கல் டர்க்கில் அது கூலிமேல் 20 சதவீதம், ஒரே துண்டைப் பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ கொடுத்தால் இன்னும் 20. அந்தச் சுமையைக் கூலியில் கழிக்காதீர்கள். நிராகரிப்பதாக இருந்தால் என்ன குறை என்று எழுதித் திருத்தச் சொல்லுங்கள். திருத்தியும் சரியாக வரவில்லை, நீங்கள் அதைப் பயன்படுத்தப் போவதில்லை என்றால் மட்டும் நிராகரியுங்கள். பயன்படுத்தினால் கூலி கொடுத்தாக வேண்டும்.

பணம் வரும் வழிக்கு இந்த வாரம் இடம் போதவில்லை. மெக்கானிக்கல் டர்க்கில் இந்தியர்களின் கூலி ஒரு காலத்தில் காசோலையாக வந்தது. அப்போது வேறு பல நாட்டுக்காரர்களுக்கு அமேசான் பரிசு அட்டை மட்டும்தான் கிடைத்தது. பரிசு அட்டையை வைத்து வீட்டு வாடகை கொடுக்க முடியாது. டாலர் மாற்று விலை, பேபால் கட்டணம், வங்கி கேட்கும் பர்பஸ் கோட், பேபால் வழியாகப் பணம் பெற முடியாமல் இலங்கை நண்பர்கள் வேறு வழி தேடிய கதை ஆகியவை அடுத்த வாரம்.

அதற்குள் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். யாராவது தட்டச்சு செய்து, படம் வரைந்து, வீடியோ வெட்டிக் கொடுத்து, நீங்கள் 'பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று நிறுத்தி வைத்திருந்தால், இன்றைக்கே பார்த்து இன்றைக்கே பணத்தை அனுப்பிவிடுங்கள்.