சரக்கு இல்லாமல் கடை நடத்தலாமா?

வியாபாரம் செய்ய விரும்புவோர் முதலில் கடை பிடிப்பர். பின்னர் முதல் போட்டுச் சரக்கு வாங்கி அடுக்குவர். அதன் பிறகே வாடிக்கையாளரை எதிர்பார்த்து அமர்வர். தலைமுறை தலைமுறையாக நாம் அறிந்த முறை இது. இம்முறையைத் தலைகீழாக்கி, வாடிக்கையாளரிடம் பணத்தை முதலிற் பெற்று, அதன் பின்னர் சரக்கை வாங்கி அனுப்பும் வியாபாரம் ஒன்று இன்று இணையத்தில் பெருகி நிற்கிறது. ‘டிராப்ஷிப்பிங்’ என்பது அதன் பெயர். பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள் பலர் கைத்தொலைபேசியில் இதைப் பற்றிய விளம்பரங்களைக் கண்டு, “நாமும் தொடங்கினால் என்ன?” என்று வீட்டிற் கேட்கிறார்கள். பெற்றோரோ இது தொழிலா, சூதா என்று அறியாது திகைக்கிறார்கள். இரு சாராருக்கும் பயன்படும் பொருட்டு இதன் உள்ளும் புறமும் சிறிது ஆராய்வோம்.

மூவர் சேர்ந்த வியாபாரம்

மேசை விளக்கு ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். சீனாவிலுள்ள மொத்த வியாபாரி ஒருவர் அதனை அனுப்புக் கூலியுடன் 8 டொலருக்குத் தர இசைகிறார். நம் புதிய வியாபாரி அதன் படத்தைத் தமது இணையக் கடையில் இட்டு, 25 டொலர் என்று விலை குறிக்கிறார். கனடாவிலுள்ள பெண்மணி ஒருவர் படத்தைக் கண்டு, கடனட்டையாற் பணம் செலுத்துகிறார். உடனே வியாபாரி மொத்த வியாபாரிக்கு 8 டொலரைச் செலுத்தி, அப்பெண்மணியின் விலாசத்தைக் கொடுக்கிறார். விளக்கு சீனாவிலிருந்து நேரே அவர் வீட்டு வாயிலுக்குச் செல்கிறது. நடுவில் நிற்கும் வியாபாரி விளக்கைத் தொட்டதுமில்லை, கண்டதுமில்லை.

“ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே” என்ற பழமொழி ஈண்டு நினைவுக்கு வருதல் இயல்பே. 17 டொலர் இலாபம் என்று விளம்பரங்கள் கூறுவதும் இதைத்தான். ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை.

கணக்கின் மறுபக்கம்

தெருவோரக் கடையைப் போவோர் வருவோர் காண்பர். இணையக் கடையை விளம்பரமின்றி எவரும் காணார். கடைக்குள் ஒருவரை அழைத்து வர 25 சதம் விளம்பரச் செலவு என்றும், வருவோர் ஐம்பதின்மரில் ஒருவரே வாங்குகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு விளக்கை விற்க 12 டொலர் 50 சதம் விளம்பரத்திற்கே போய்விடுகிறது. பணம் பெற்றுத் தரும் நிறுவனத்தின் கட்டணம் ஏறக்குறைய ஒரு டொலர். எஞ்சுவது மூன்றரை டொலர்.

பத்து விளக்குகள் விற்றால் 35 டொலர் கிடைக்கும். அவற்றுள் ஒன்று உடைந்து போய், பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் இலாபம் 10 டொலராகக் குறையும். இரண்டு உடைந்தாலோ 15 டொலர் நட்டம். இணையக் கடைக்குரிய மாதக் கட்டணத்தை இன்னும் நாம் சேர்க்கவில்லை. இது உதாரணக் கணக்கே. தொகைகள் இடத்துக்கிடம் மாறும். எனினும் கணக்கின் போக்கு மாறுவதில்லை. முதலின்றித் தொடங்கலாம் என்பது உண்மை. செலவின்றி நடத்தலாம் என்பது பொய்.

பழைய கதை ஒன்று

பிறர் சரக்கை விற்றுப் பெருவணிகரானவர் முன்னரும் உண்டு. 1886ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், நோர்த் றெட்வூட் என்னும் சிற்றூரின் புகையிரத நிலைய அதிகாரியாக இருந்தவர் றிச்சர்ட் சியர்ஸ் என்ற இளைஞர். நகை வியாபாரி ஒருவர் தமக்கு வந்த கடிகாரப் பொதியை ஏற்க மறுத்துவிட்டார். சியர்ஸ் அதனைத் தாம் பொறுப்பேற்று, இருப்புப்பாதை நெடுகிலுமிருந்த ஏனைய நிலைய அதிகாரிகளுக்கு விற்று இலாபம் கண்டார். அத்தொடக்கமே பின்னர் ‘சியர்ஸ், றோபக்’ என்னும் பெரிய தபால் வியாபார நிறுவனமாக வளர்ந்தது.

விளம்பரம் எழுதுவதில் வல்லவரான சியர்ஸ், கையிருப்பை மிஞ்சிய கட்டளைகளையும் சேர்த்துவிடுவார். அவற்றை உரிய காலத்தில் அனுப்பி வைப்பதே பெரும்பாடாயிற்று. ஆடை வியாபாரியான ஜூலியஸ் றோசன்வால்ட் 1895இல் பங்காளியாகச் சேர்ந்த பின்னரே அந்நிறுவனத்தில் ஒழுங்கு பிறந்தது. 1906இல் சிக்காகோவில் மாபெரும் களஞ்சியமொன்று எழுந்தது. பொருள் பிடிக்காவிடிற் பணத்தைத் திருப்பித் தருவோம் என்ற உறுதிமொழியே, கண்ணாற் காணாத கடையை நாட்டுப்புறக் குடியானவரும் நம்பும்படி செய்தது.

சப்பாத்துக் கடை தரும் பாடம்

நம் காலத்து உதாரணமும் உண்டு. 1999இல் அமெரிக்காவில் இணையச் சப்பாத்துக் கடையாக ‘ஸப்போஸ்’ தொடங்கியது. தொடக்கத்தில் அது சரக்கை வாங்கி வைக்கவில்லை. வாடிக்கையாளர் விரும்பியதை உற்பத்தியாளரே நேரில் அனுப்பினர். ஆயினும் உற்பத்தியாளரிடம் எந்த அளவு, எந்த நிறம் மீந்திருக்கிறது என்ற விபரம் பல வேளைகளிற் பிழையாகவே வந்தது. பணம் கட்டிய பின் “சரக்குத் தீர்ந்துவிட்டது” என்று சொல்ல நேர்ந்தால் வாடிக்கையாளர் கடையைத்தானே குறை கூறுவார்? 2003இல், மொத்த விற்பனையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைத் தந்துகொண்டிருந்த இம்முறையை அந்நிறுவனம் அடியோடு கைவிட்டது. சொந்தக் களஞ்சியத்திலிருந்து அனுப்பத் தொடங்கிய அக்கடை மேலும் வளர்ந்தது. 2009இல் அமேசன் அதனை விலைக்கு வாங்கியது.

சட்டம் யாரைப் பிடிக்கும்?

“கையிலே காசு, வாயிலே தோசை” என்பர். இவ்வியாபாரத்திற் காசு இன்று வருகிறது. தோசையோ பல நாள் கழித்தே போய்ச் சேர்கிறது. இடைப்பட்ட நாட்களுக்கு யார் பொறுப்பு? பணத்தை வாங்கியவரே பொறுப்பு. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு பிறந்த விதியொன்று, இன்ன நாளில் அனுப்புவோம் என்று குறிப்பிடாத வியாபாரி 30 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். இயலாவிடின் வாடிக்கையாளரின் சம்மதம் பெறவேண்டும், அன்றேல் பணத்தைத் திருப்ப வேண்டும் என்கிறது. இணைய வியாபாரத்திற்கும் இவ்விதி உரியது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பெரும்பாலான பொருட்களை 14 நாட்களுக்குள் காரணம் கூறாமலே திருப்பிவிட வாங்குவோருக்கு உரிமையுண்டு. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குவோரை மயக்கி ஏமாற்றும் நடத்தையைத் தடை செய்கிறது.

சுங்க விதிகளும் நிலையானவையல்ல. வெளிநாட்டிலிருந்து வரும் சிறு பொதிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை அளித்த பெறுமதி சேர் வரி விலக்கு 2021 ஜூலை 1இல் நீங்கியது. அமெரிக்கா 800 டொலர் வரை அளித்த தீர்வை விலக்கு, சீனப் பொதிகளுக்கு 2025 மே மாதத்திலும், ஏனைய நாட்டுப் பொதிகளுக்கு அவ்வாண்டு ஆகஸ்ட் 29இலும் நிறுத்தப்பட்டது. இவ்விலக்கை நம்பி விலை குறித்தோரின் கணக்கு ஒரே நாளிற் புரண்டது.

தொடங்குவோர் செய்யத்தக்கவை

இவ்வளவும் கூறியது இளைஞரை அச்சுறுத்துவதற்கன்று. சிறு தொகையோடு வியாபாரத்தின் இயல்பைக் கற்க இது நல்ல வழியே. ஆயினும் சில காரியங்களைத் தவறாது செய்தல் வேண்டும்.

விற்கக் கருதும் பொருளை முதலில் நாமே காசு கொடுத்து வரவழைத்துப் பார்த்தல் வேண்டும். எத்தனை நாளில் வந்தது, எந்நிலையில் வந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நாட் கணக்கையே கடையிலும் மறைக்காமல் எழுத வேண்டும். நூறு வகைப் பொருளைக் காட்டுவதிலும், நன்கறிந்த இரண்டொன்றை விற்பதே மேல். புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயர் பொறித்த போலிச் சரக்கை எக்காரணத்தாலும் தொடலாகாது. பொருள் போய்ச் சேர்ந்தது என்று அறியும் வரை, வந்த பணத்தை வீட்டுச் செலவுக்கு எடுத்தலும் ஆகாது. அது இன்னும் நம் பணம் அன்று.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சில வாரங்களிற் செல்வராக்குவோம் என்று கூறிப் பெருந்தொகைக்கு வகுப்பு நடத்துவோர் உளர். அவ்வகுப்புக்காகத் தாயின் நகையை அடகு வைத்தலும், வட்டிக்குக் கடன் வாங்கி விளம்பரத்தில் இறைத்தலும் வேண்டாதவை. இழந்தாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்ற அளவுள்ள தொகையை மட்டும் பிள்ளையிடம் கொடுத்து, வாரந்தோறும் வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். தொடங்கி ஆறு மாதம் கழிந்ததும், முதல் பத்து வாடிக்கையாளருள் எத்தனை பேர் மீண்டும் வந்து வாங்கினர் என்று இருவருமாக எண்ணிப் பாருங்கள். இத்தொழிலைத் தொடர்வதா, விடுவதா என்பதற்கு அந்த எண்ணிக்கையே விடை தரும்.